சோப்பு தயாரித்த பாத்திரங்களைக் கழுவிய நீர்: செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் எங்கே விடுவது?

வெட்டிவேர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுப் பயன்பாட்டிற்கும் உறவினர்களுக்குக் கொடுப்பதற்குமாகக் காஸ்டிக் சோடா கொண்டு குளிர்முறையில் (அடுப்பில் காய்ச்சாமல்) சோப்பு தயாரித்து வருகிறேன். இதுவரை நாங்கள் இருந்தது பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வாடகை வீடு என்பதால், கழுவிய நீர் எங்கே போகிறது என்று யோசிக்கவேண்டிய தேவையே எழவில்லை. இப்போது அவிநாசிக்கு அருகே சொந்த வீடு கட்டி வருகிறோம். அங்கே செப்டிக் டேங்கும் அதனை அடுத்து ஓர் உறிஞ்சு குழியும் அமைக்கிறார்கள். பின்கட்டில் சோப்பு வேலைக்கென்று தனியாக ஒரு சிங்க் வேண்டுமென்று கேட்டபோது, காஸ்டிக் சோடா தொட்டியின் சிமெண்ட்டைக் கரைத்துவிடும், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும், எனவே அந்த சிங்க்கைத் தொட்டியோடு இணைக்கவே கூடாது என்று பிளம்பர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

நான் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்வது ஒரு கிலோ எண்ணெய்தான். அதில் 600 கிராம் தேங்காய் எண்ணெய், 400 கிராம் நல்லெண்ணெய். மாதம் ஒருமுறை அல்லது இருமுறை செய்வேன். அங்கே கிடைப்பது ஆழ்துளைக் கிணற்று நீர், உப்பு அதிகம். பிளம்பர் சொல்வது சரிதானா? சரியென்றால் இதற்கு மாற்று என்ன? செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் சோப்பு தயாரிப்பவர்கள் தங்கள் நடைமுறையைச் சொன்னால் உதவியாக இருக்கும்.


மேஸ்திரி மகன் எழுதியது:

உங்கள் பிளம்பர் சொன்ன முடிவில் பாதி சரி; அவர் சொன்ன காரணம் சரியில்லை. சிமெண்ட் இயல்பிலேயே காரத்தன்மை மிக்கது. அதன் நுண்துளைகளில் இருக்கும் நீரின் பி.எச். அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்; ஏழு நடுநிலை) பன்னிரண்டுக்கும் மேலே இருக்கும். ஆகவே நீர்த்த காரம் அதனை அரிப்பதில்லை. சிமெண்ட்டுக்கு உண்மையான பகை அமிலம். கழிப்பறையைத் தேய்க்க நம் வீடுகளில் தாராளமாக ஊற்றும் ஆசிட்டைப் பற்றி எந்தப் பிளம்பரும் இவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

தொட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகும். உள்ளே வரும் கழிவுநீர் ஒன்றிரண்டு நாட்கள் அசையாமல் நிற்கவேண்டும். கனமானவை அடியில் சேறாகப் படியும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் இருக்கும் ஓரளவு தெளிந்த நீர் மட்டும் 'டி' வடிவக் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அடிச்சேற்றை மெல்லச் செரித்து அதன் அளவைக் குறைக்கின்றன. அவற்றுள் மீத்தேனை உண்டாக்குபவை பி.எச். ஏழை ஒட்டிய குறுகிய எல்லைக்குள்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்துச் சேற்றை எடுக்கவேண்டும் என்பது பொதுவான விதி; நம் ஊரில் நிரம்பி வழிந்தால்தான் அழைக்கிறார்கள் என்பது வேறு கதை.

எண்ணெய் அதிகமாகப் போனால் மேலாடை தடிக்கும். ஆடைக்கும் சேற்றுக்கும் இடையில் நீர் நிற்கும் இடம் சுருங்கும். நீர் தங்கும் நேரம் குறையும். தெளியாத நீர் வெளியேறும். அந்த நீரில் உள்ள பிசுக்கும் நுண்துகளும் உறிஞ்சு குழியின் மண் துளைகளை அடைத்துவிடும். தொட்டி நிரம்பினால் லாரிக்குப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். உறிஞ்சு குழியின் மண் அடைத்துக்கொண்டால், பெரும்பாலும் வேறிடத்தில் புதிய குழி தோண்டுவதே தீர்வாகிறது. எனவே நீங்கள் காப்பாற்றவேண்டியது அந்தக் குழியின் மண்ணை.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். செப்டிக் டேங்க் என்று சொல்லிவிட்டு, அடித்தளம் போடாமல் சிமெண்ட் உறைகளை மட்டும் இறக்கி மூடிவிடுவது நம் பகுதியில் சாதாரணம். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர நிர்ணயம் சொல்வது நீர் கசியாத தொட்டியை. உங்களுடையது எது என்று கான்கிரீட் மூடி போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

எனக்கு இந்த அச்சமே மிகையாகத் தோன்றுகிறது. அடைப்பு நீக்கும் தூள் என்று கடையில் வாங்கிச் சிங்க்கில் கொட்டுகிறோமே, அதில் பெரும்பகுதி இதே காஸ்டிக் சோடாதான். அது தவிர, நான்கு பேர் உள்ள வீட்டில் குளித்துக் கரையும் சோப்பு முழுவதும் கடைசியில் எங்கே போகிறது? துணி துவைக்கும் நீர் எங்கே போகிறது? அத்தனையையும் தாங்கும் தொட்டி, மாதம் ஒருமுறை கழுவும் ஒரு பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பதைத் தாங்காதா? பாத்திரத்தை நன்றாக நீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போகவேண்டியதுதான். வாதத்திற்காகச் சொல்லவில்லை, எண்களோடு யாராவது மறுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்.


அமிலகாரம் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா கேட்டதால் எண்களோடு எழுதுகிறேன். அவருடைய வாதத்தில் முதல் பாதியை ஏற்கிறேன்; இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை.

தேங்காய் எண்ணெய் ஒரு கிலோவைச் சோப்பாக்க ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நல்லெண்ணெய்க்கு 134 கிராம் அளவில் போதும். வெட்டிவேர் அவர்களின் கலவைக்கு, ஐந்து விழுக்காடு எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும்படி கணக்கிட்டால், சுமார் 155 கிராம் வருகிறது. நீரையும் சேர்த்தால் மொத்தக் கூழ் ஒன்றரை கிலோ அளவு. ஸ்பேச்சுலா கொண்டு வழித்தெடுத்த பிறகு பாத்திரத்திலும் ஹேண்ட் பிளெண்டரிலும் 30 கிராம் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் இருந்த காஸ்டிக் சோடா மூன்று கிராம். அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே எண்ணெயோடு வினைபுரிந்திருக்கும். வீட்டுக் கழிவுநீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புகளுக்கு அமிலத்தையோ காரத்தையோ தாங்கிக்கொள்ளும் திறன் ஓரளவு உண்டு. இரண்டாயிரம் லிட்டர் தொட்டியில் அந்தத் தாங்குதிறனோடு ஒப்பிட்டால், மூன்று கிராம் காரம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. நுண்ணுயிர்கள் அதை உணரவே போவதில்லை.

ஆனால், கலக்கி வைத்த காரக் கரைசல் முழுவதையும், அதாவது 155 கிராமையும், ஏதோ காரணத்தால் வேண்டாமென்று ஒரேயடியாக ஊற்றினால், அந்தத் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒரே நாளில் தீர்ந்துவிடும். தொட்டி நீர் கலக்கப்படுவதில்லை என்பதால் நுழைவாயில் அருகே நிலைமை இன்னும் மோசமாக இருக்கும். கரைத்த உடனே ஊற்றினால் சூடும் சேரும். புதிதாகக் கரைத்த காரம் 80 டிகிரியைத் தாண்டிவிடும், பி.வி.சி. குழாயோ 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும்.

இரண்டாவது கேள்வி, குளிக்கும் சோப்பும் பாத்திரத்தில் ஒட்டிய கூழும் ஒன்றா என்பது. குளிக்கும்போது கரைவது வினை முடிந்த சோப்பு. ஒரு கிராமோ இரண்டு கிராமோ, வாளி வாளியாக நீரில் நீர்த்துப் போகிறது. பாத்திரத்தில் இருக்கும் கூழ் பாதி எண்ணெய், பாதி சோப்பு. அது குழாய்க்குள் போன பிறகும் வினை தொடர்கிறது. ஓரங்களில் படிந்து, அங்கேயே இறுகுகிறது. அச்சில் இறுகுவதற்காகவே தயாரித்த ஒன்று சிங்க்குக்குக் கீழே நீர் தேங்கி நிற்கும் பாட்டில் டிராப்பில் இறுகாது என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, இதுவரை யாரும் தொடாத செய்தி, உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. 500 உள்ள ஒரு லிட்டர் நீர் இரண்டரை முதல் மூன்று கிராம் வரை சோப்பைக் கரையாத கால்சியம் சோப்பாக மாற்றவல்லது. வாளியின் உட்புறம் படியும் அந்த வெள்ளைப் பிசுக்கு இதுதான். ஆகவே 30 கிராம் கூழைப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால், அதில் உள்ள சோப்பு முழுவதையும் பிசுக்காக்கித்தான் அனுப்புகிறீர்கள். 'நன்றாக நீர் ஊற்றிக் கழுவுங்கள்' என்ற அறிவுரை மென்னீர் உள்ள ஊருக்குப் பொருந்தும். உங்கள் ஊரில் நீரைக் கூட்டினால் பிசுக்கும் கூடும்.

லண்டனில் வைட்சேப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் 2017ஆம் ஆண்டு 250 மீட்டர் நீளத்திற்குக் கண்டெடுக்கப்பட்ட கொழுப்புப் பாறையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சுமார் 130 டன் எடை என்று கணித்தார்கள். அதன் ஒரு துண்டைப் பின்னர் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கே வைத்தார்கள். அத்தகைய பாறைகளில் பெருமளவு இருப்பது வெறும் எண்ணெயன்று. எண்ணெயிலிருந்து பிரிந்த கொழுப்பு அமிலமும் கால்சியமும் சேர்ந்து உருவான இதே கால்சியம் சோப்புதான்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

தண்ணீரின் கடினத்தன்மையை நான் கணக்கில் எடுக்கவில்லை. காஸ்டிக் சோடாவைப் பற்றிய அச்சம் மிகை என்பது மட்டும் நிற்கட்டும்.


இலுப்பை எழுதியது:

வெட்டிவேர் தோழிக்கு வணக்கம். எங்கள் வீடு தஞ்சைக்கு அருகே உள்ள ஒரு கிராமத்தில் இருக்கிறது. பாதாளச் சாக்கடை என்ற ஒன்றையே நாங்கள் பார்த்ததில்லை. விற்பனைக்காகச் சோப்பு தயாரிக்கும் எங்கள் குழுவில் பின்பற்றும் நடைமுறையைச் சொல்கிறேன்.

கூழை அச்சில் ஊற்றியதும் பாத்திரங்களைக் கழுவ எடுக்கவே கூடாது. சிலிகான் ஸ்பேச்சுலாவால் பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் பொறுமையாக வழித்து, வழித்ததையும் ஒரு சிறிய அச்சில் போட்டுவிடுங்கள். கைகழுவும் துண்டு சோப்பாக அது பயன்படும். பிறகு பாத்திரம், கரண்டி, பிளெண்டரின் தண்டு எல்லாவற்றையும் குழந்தைகளும் பூனைகளும் அண்டாத ஓரிடத்தில் ஒரு பழைய தட்டின் மேல் அப்படியே வைத்துவிடுங்கள். ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், ஒட்டியிருந்த கூழ் சோப்பாக மாறியிருக்கும். மெல்லிய படலமாகக் காய்ந்திருப்பதைக் கரண்டியால் சுரண்டினால் ஏடு ஏடாக வரும். அந்தச் செதில்களையும் சேர்த்து வைத்து அடுத்த தடவை பயன்படுத்தலாம். மீதியைப் பழைய பருத்தித் துணியாலோ செய்தித்தாளாலோ துடைத்துவிட்டால், நீரால் கழுவவேண்டியது ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் இருக்காது. அதற்குள் அது வினை முடிந்த சோப்பாகிவிடுவதால், அதுவே பாத்திரத்தையும் கழுவிக்கொள்ளும். தனியாக டிஷ் வாஷ் திரவம் தேவையில்லை.

அமிலகாரம் ஐயா கடின நீரைப் பற்றிச் சொன்னது எங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. முதல் கழுவலுக்கு மழைநீர் பிடித்து வைத்திருப்போம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியிருப்பதால் புது வீட்டிற்கு எப்படியும் குழாய் இறக்கத்தான் போகிறார்கள். அதில் ஒரு டிரம்முக்குத் தனி வழி விடச் சொல்லுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயிலிருந்து வரும் நீரை வீணாக்கக் கூடாதென்று பலரும் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்கிறார்கள். சோப்புப் பாத்திரத்துக்கு மட்டும் அது வேண்டாம். வடிகட்டியில் தங்கிய கால்சியம் எல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கிறது.

இன்னொன்று: அலுமினியப் பாத்திரத்தை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீர்கள். காரம் பட்டால் அது அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எவர்சில்வரோ, கெட்டியான பாலிபுரொப்பிலீன் குவளையோ போதும்.


மலைச்சாரல் எழுதியது:

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். கொதிக்கும் நீரை ஊற்றிவிட்டால் எல்லாம் கரைந்து போய்விடும் என்றுதான் இங்கே பலரும் சொல்கிறார்கள். அதையும் அடைப்பு நீக்க வினிகரும் ஆப்பச்சோடாவும் ஊற்றும் வழக்கத்தையும் பற்றித் தெரிந்தவர்கள் எழுதவேண்டும். இங்கே தேங்காய் எண்ணெய் ஆண்டில் பாதி நாள் புட்டியிலேயே உறைந்து கிடக்கும்.


அமிலகாரம் எழுதியது:

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொதிநீர் அதனை உருக்கும் என்பது உண்மை. ஆனால் உருகிய எண்ணெய் சில அடி தூரம் போனதும் குளிர்ந்து, கையெட்டும் இடத்தில் இருந்திருக்கவேண்டிய அடைப்பு, கம்பி விட்டாலும் எட்டாத இடத்திற்கு நகர்கிறது, அவ்வளவுதான். கோத்தகிரிக் குளிரில் மண்ணுக்குள் போகும் குழாயில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

வினிகர் செய்யும் வேலை பலருக்கும் வியப்பாக இருக்கும். சோப்பின் மீது அமிலத்தை ஊற்றினால் சோப்பு உடைந்து, கொழுப்பு அமிலமாகப் பிரிகிறது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பிலிருந்து மிகுதியாகப் பிரிவது லாரிக் அமிலம். அது 44 டிகிரியில்தான் உருகும். அதாவது, நீரில் கரைந்து போய்க்கொண்டிருந்த ஒன்றை, நீரில் கரையாத மெழுகுப் பொருளாக்கிக் குழாயில் பூசுகிறீர்கள். சோப்பு தயாரித்த அன்று சிங்க்கில் வினிகர் ஊற்றுவது எதிர்விளைவையே தரும். ஆப்பச்சோடாவோடு சேர்த்து ஊற்றினால் நுரை வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன என்பதற்கு மேல் அந்த நுரைக்குப் பொருள் கிடையாது.

காரத்தை முறிக்கவும் வினிகர் சிக்கனமான வழியன்று. ஐந்து விழுக்காடு வினிகர் ஒரு லிட்டர் ஊற்றினால் முறியும் காஸ்டிக் சோடா 33 கிராம்தான். மேடையில் சிந்திய காரத்தை முதலில் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, நீரால் துடைத்து, கடைசியாக வினிகர் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கலாம். அதற்கு மட்டும்தான் அது. உடலில் காரம் பட்டால் வினிகரைத் தேடாமல் ஓடும் நீரில் பதினைந்து இருபது நிமிடமாவது கழுவவேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யவேண்டும்.


பச்சைக்கிளி எழுதியது:

செப்டிக் டேங்க்கில் போடும் பாக்டீரியா பொடியை மாதம் ஒரு பொட்டலம் போட்டுவிட்டால் இத்தனை கவலையும் தேவையில்லையே? ஈஸ்ட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.


மேஸ்திரி மகன் எழுதியது:

செரிப்பதற்கு வேண்டிய நுண்ணுயிர்கள் ஒவ்வொரு நாளும் மனிதக் கழிவிலேயே தொட்டிக்குள் வந்து சேர்கின்றன. அவை வாழ்வதற்கு இடைஞ்சலான சூழ்நிலை இருந்தால், வெளியிலிருந்து போடும் பொடிக்கும் அதே கதிதான். கால்சியம் சோப்பும் மெழுகும் காற்றில்லாத இடத்தில் மிக மெதுவாகவே சிதைகின்றன. பொடி போட்ட மாதத்தில் மேலாடை கரைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆடையைக் கரைத்துக் காட்டும் பொருள் ஒன்று உண்மையிலேயே இருந்தாலும் அதை நான் போட மாட்டேன். தொட்டியில் மிதந்துகொண்டிருந்தது நீரோடு கலந்து உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணை அடைக்கும் என்பதே காரணம். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து உரிய காலத்தில் லாரியை அழைப்பது மேல். கழிவுச் சேற்றை எடுப்பது, கொண்டுசெல்வது, சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுவது ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு அரசு 2014இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. எனவே உரிமம் பெற்ற வண்டியா என்று கேட்டுவிட்டு அழையுங்கள்.


வெட்டிவேர் எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இலுப்பை அக்கா சொன்னபடி உலரவிட்டுத் துடைக்கும் முறையையே கடைப்பிடிக்கப் போகிறேன். பின்கட்டு சிங்க்கின் நீரைச் செப்டிக் டேங்க்குக்கு விடாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாமா? எங்கள் மனையில் பாதி கரிசல், பாதி செம்மண்.


கரிசல்காரர் எழுதியது:

வாழைக்கு விடலாம், ஆனால் உங்கள் மனையில் செம்மண் பக்கத்து வாழைக்கு விடுங்கள். காஸ்டிக் சோடாவில் செய்த சோப்பில் இருப்பது சோடியம். களிமண் மிகுந்த கரிசலில் சோடியம் சேரச் சேர, மண் கட்டுக்கோப்பை இழந்து நுண்துகளாகப் பிரிந்து, துளைகளை அடைத்துக்கொள்கிறது. மழைக்கு நீர் இறங்காது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். உவர் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே சோடியம் இருக்க வாய்ப்பிருப்பதால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். மேஸ்திரி மகன் சொன்ன உறிஞ்சு குழி கரிசல் பக்கம் அமையப் போகிறதென்றால், அதற்கும் இதே ஆபத்து பொருந்தும்.

துடைத்தெடுத்த பிறகு கழுவிய நீர் என்றால், செம்மண்ணில் வாழையும் கல்வாழையும் தென்னையும் தாங்கும். ஒரே பாத்தியில் தொடர்ந்து விடாமல் இடம் மாற்றி மாற்றி விடுங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம். வினை முடியாத காரக் கரைசல் வேரில் பட்டால் வேர் வெந்துவிடும். பொட்டாசியம் காரத்தில் செய்யும் திரவச் சோப்பு மண்ணுக்கு இந்த அளவு கெடுதல் செய்வதில்லை. கட்டிச் சோப்பு அதில் வராது என்பதுதான் குறை.


நெய்க்கிண்ணம் எழுதியது:

சிங்க்குக்குக் கீழே எண்ணெய் பிடிக்கும் தொட்டி ஒன்று வைத்துவிட்டால் போதாதா? உணவகங்களில் வைக்கிறார்களே.


மேஸ்திரி மகன் எழுதியது:

வைக்கலாம், புதிதாகக் கட்டும் வீடு என்பதால் இதுவே தருணமும்கூட. ஆனால் அது எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதில் தெளிவு வேண்டும். நீர் ஓரிடத்தில் நின்று குளிரும்போது, எண்ணெய் மேலே மிதக்கும். நடுமட்டத்திலிருந்து நீர் வெளியேறும். தத்துவம் செப்டிக் டேங்க்கில் உள்ள அதே தத்துவம்தான். கொதிநீரோடு வரும் எண்ணெய் மிதக்க நேரமில்லாமல் தாண்டிப் போய்விடும். டிஷ் வாஷ் திரவம் சேர்த்துக் கழுவினால் எண்ணெய் நீரோடு கலந்து பாலாகி அதுவும் தாண்டிப் போய்விடும். கரைந்த சோப்பும் அப்படியே. எனவே இலுப்பை அம்மா சொன்ன துடைக்கும் வேலைக்கு இது மாற்றாகாது.

என் ஆலோசனை: சிங்க்கின் வாயில் பிரித்தெடுக்கக்கூடிய நுண்வலை ஒன்று, அதன் கீழே மூடியைத் திறந்து அள்ளக்கூடிய இருபது முப்பது லிட்டர் தொட்டி ஒன்று, நுழைவிலும் வெளியேற்றத்திலும் 'டி' வைத்தது, அதன்பின் குழாய்கள் பிரியும் ஒரு சேம்பர் (மூடியுள்ள சிறு தொட்டி). சேம்பரிலிருந்து ஒரு வழி வாழைக்கும், மழைக்காலத்துக்கு மற்றொரு வழி உறிஞ்சு குழிக்கும் போகலாம். நுண்வலை எதற்கென்றால், முல்தானி மட்டி, சந்தனத்தூள், ஆவாரம்பூப் பொடி, கரித்தூள் என்று சோப்பில் சேர்ப்பவை எல்லாம் தரையில் நீர் வடியும் நஹானி டிராப்பின் அடியில் படிந்து, சோப்புப் பிசுக்கோடு சேர்ந்து சிமெண்ட் போல இறுகிவிடுகின்றன. சோப்பால் வந்த அடைப்புகளைவிட இந்தப் பொடிகளால் வந்த அடைப்புகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மிக நுண்ணிய களிமண்ணும் கரியும் வலையையும் தாண்டும் என்பதால், பொடி குழைத்த கிண்ணத்தையும் முதலில் துடைத்துவிடுவது நல்லது.


மட்டுறுத்துநர் எழுதியது:

இடையில் ஒரு குறிப்பு. இந்த இழையில் ஓர் உறுப்பினர், தொட்டியின் மேலாடையை ஆளை இறக்கி அள்ளிவிடலாம் என்று எழுதியிருந்தார், அப்பதிவை நீக்கியிருக்கிறோம். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நொடிகளில் ஆளை மயங்கி விழச் செய்யும். செப்டிக் டேங்க்கை ஆபத்தான முறையில் துப்புரவு செய்ய ஆளை அமர்த்துவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வீட்டு உரிமையாளருக்கும் இது பொருந்தும். மூடியைத் திறந்து எட்டிப்பார்ப்பதும் தீக்குச்சி கொளுத்துவதும்கூட வேண்டாம்.


பச்சைக்கிளி எழுதியது:

சோப்பு சரியாக வராமல் போனால் என்ன செய்வது? எண்ணெயும் காரமும் பிரிந்து நிற்கும் ஒரு கிலோ கலவையைத் துடைத்தெடுக்க முடியாதல்லவா? பலரும் அதைக் கழிப்பறையில் ஊற்றித் தொலைத்துவிடுகிறார்கள்.


இலுப்பை எழுதியது:

செப்டிக் டேங்க்குக்கு உண்மையான ஆபத்து நேர்வது அந்த ஒரு நாளில்தான். மாதக் கணக்கில் பாத்திரம் கழுவிச் சேரும் எண்ணெயைவிட அதிகமான எண்ணெய், முறியாத காரத்தோடு சேர்ந்து, ஒரே தடவையில் போகிறது.

பிரிந்து நிற்கும் கலவை பெரும்பாலும் கெட்டுப்போனதன்று, சரியாகக் கலக்கப்படாதது. எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மெல்லிய சூட்டில் அல்லது கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கிளறினால் சேர்ந்துவிடும். பொங்கும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. காரம் கூடிவிட்டதென்று தெரிந்தால், எடைக் குறிப்பைப் பார்த்து, எவ்வளவு எண்ணெய் குறைகிறது என்று கணக்கிட்டுச் சேர்க்கவேண்டும். குளியலுக்கு ஆகாவிட்டாலும், தரை துடைக்கவும் மிதியடி துவைக்கவும் ஆகும். எதற்குமே ஆகாத நிலையென்றால், அகன்ற பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, மூடி, எச்சரிக்கை எழுதி ஒட்டி, கெட்டியாகும் வரை விட்டுவிடுங்கள். கெட்டியானதை எங்கேயும் கொண்டுசெல்லலாம்; திரவத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

உப்புப் போட்டுச் சோப்பைத் திரட்டி எடுக்கும் பழைய முறையை முயல்பவர்களும் இருக்கிறீர்கள். அதில் அடியில் நிற்கும் உப்புக் காரநீர் லிட்டர் கணக்கில் வரும். தொட்டிக்கும் ஆகாது, வாழைக்கும் ஆகாது. செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் அந்த முறையே வேண்டாம் என்பது என் கருத்து. பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயில் சோப்பு செய்பவர்கள், வண்டலை வடிகட்டி, அதைச் சிங்க்கில் விடாமல் தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.


வெட்டிவேர் எழுதியது:

இவற்றையெல்லாம் ஒரு தாளில் வரைந்து பிளம்பரிடம் காட்டினேன். 'டி' வைத்த சிறுதொட்டியையும் சேம்பரையும் வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். காஸ்டிக் சோடா சிமெண்ட்டைக் கரைக்காது என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னும் ஒரு கேள்வி: துடைத்த தாளையும் துணியையும் அன்றே குப்பைவண்டியில் கொடுக்கலாமா?


இலுப்பை எழுதியது:

அன்றே கொடுக்க வேண்டாம். கூழ் ஒட்டிய தாளில் முறியாத காரம் இருக்கும். குப்பையைக் கையால் பிரிப்பவர்களுக்குத் தோல் வெந்துவிடும். திறந்த தட்டில் மூன்று நான்கு நாள் காயவிட்டு, அதன்பின் மக்காத குப்பையோடு கொடுங்கள். துணி என்றால் காய்ந்தபின் ஒரு வாளி மழைநீரில் ஊறவையுங்கள். அதில் இருக்கும் சோப்பிலேயே அந்தத் துணியைத் துவைத்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த வாளி நீரைச் செம்மண் பக்கத்து வாழைக்கு ஊற்றிவிடுங்கள்.